பிரிக்காத பொட்டலம்

சீட்டு விளையாட்டு என்றாலே என் அப்பாவுக்கு ஆகாது. வழியில் நான்கு பேர் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பதைக் கண்டால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நடப்பார். அப்பேர்ப்பட்டவருடைய வீட்டிலேயே அவருடைய தங்கையும் மகளும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போக்கர் கற்றுக்கொண்டார்கள். அவர் கண்டுபிடிக்காமல் போனதற்குக் காரணம் காப்பிக்கொட்டை. முறத்தில் கொட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், கெட்ட கொட்டை பொறுக்குகிறார்கள் என்று நினைத்து மனம் குளிர்ந்துபோவார். அம்மாவுக்கு உண்மை தெரியும். ஆட்டம் முடிந்ததும் ஒரு முறம் கொட்டையை நிஜமாகவே பொறுக்கித் தந்துவிட வேண்டும் என்பது அம்மாவுக்கும் எங்களுக்கும் இருந்த ஒப்பந்தம்.

எங்கள் வீடு மஞ்சக்குட்டை என்ற மலைக் கிராமத்தில். அத்தை தினமும் ஷேர் ஜீப்பில் ஏற்காட்டுக்குப் போய் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷன் வேலை பார்த்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. தாய் தகப்பன் இரண்டு பேரும் சீக்கிரமே போய்விட்டதால் அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியது அப்பாதான். அந்த வேலையில் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். ரூமில் வெந்நீர் வரவில்லை என்று கத்திக்கொண்டு வருகிறவர்களிடம்கூட முகம் மாறாமல், "பாக்கறனுங்க, இப்பப் பாத்தறனுங்க" என்று சொல்லியே அவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவாள். லீவு நாட்களில் அவளோடு போய் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். இவளைப் போல ஆக வேண்டும் என்று நான் ஐந்தாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட்டேன்.

யாரோ ஒரு விருந்தாளி ரூமிலேயே விட்டுப்போன சீட்டுக்கட்டு அது. தேடிக்கொண்டு யாராவது வருவார்களா என்று நெடுநாள் டிராயரில் கிடந்தது. ஒருவரும் வராததால், முதலாளியிடம் கேட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் கூடுதலாக ஓர் அட்டை இருந்தது. எந்தச் சீட்டுச் சேர்க்கை எதைவிடப் பெரியது என்று படம் போட்டு இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அத்தை படத்தைப் பார்த்துப் பொருள் சொல்வாள். ஆளுக்கு ஐந்து சீட்டு. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஜோடி. ஜோடியைவிட இரண்டு ஜோடி பெரிது. அதைவிட ஒரே மாதிரி மூன்று. அதைவிட, தொடர்ந்து வரும் ஐந்து. அதையும்விட, ஐந்தும் ஆர்ட்டினாகவோ ஐந்தும் இஸ்பேட்டாகவோ வந்தால் பெரிது. அதற்கு மேலேயும் இருந்தது. ஆனால் அவையெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிற சீட்டுகளாகத் தெரியவில்லை.

அந்த அட்டையில் இருந்தது அவ்வளவுதான். எனவே போக்கர் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டோம். சீட்டைப் போடுவது, திருப்புவது, யாருடையது பெரிது என்று பார்ப்பது. இப்படியே பல நாள் விளையாடியிருக்கிறோம் என்பதை இப்போது வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அத்தைக்குத்தான் சீக்கிரம் சலித்துவிட்டது.

"இது பூக் கேக்கற மாதிரித்தான இருக்குது கண்ணு. இதுல நம்ம வேலை என்ன இருக்குது?" என்றாள்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணம், நிலம், கிணறு என்று மனசு ஒரு முடிவுக்கு வராத விஷயம் எதுவானாலும் மலை மேல் இருக்கும் சேர்வராயன் சாமி கோயிலுக்குப் போவோம். பூசாரி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக வாழை இலைத் துண்டில் மடித்து நூல் சுற்றி, எது எதென்று தெரியாதபடி கலக்கிச் சாமி முன்னால் போடுவார். சின்னப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். பிரித்தால் வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் வேண்டாம். பிரித்த பிறகு ஒருவரும் மறுபேச்சுப் பேசக்கூடாது. பேசினால் சாமியையே எதிர்த்துப் பேசியதாகிவிடும்.

போக்கரில் நம் வேலை என்ன என்பதை அத்தை கெஸ்ட் ஹவுஸுக்கு வந்தவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆளுக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்க மாட்டாள். ரூம் சாவியைத் திருப்பிக் கொடுக்க வருகிற பெங்களூர்ப் பையன்களிடம் பில்லை நீட்டிக்கொண்டே, "ஏனுங்க, இந்தப் போக்கர்ல சீட்டை மாத்திக்கலாமுங்களா?" என்பாள். அவர்கள் திகைத்துப்போய்ப் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் சாயங்கால ஜீப்பில் மஞ்சக்குட்டைக்கு வந்து சேரும். இப்படித் தவணை முறையில்தான் அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்தது. வேண்டாத சீட்டைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்பது ஒரு வாரம். முதலில் ஆளுக்கு ஒரு கொட்டை நடுவில் போட வேண்டும் என்பது இன்னொரு வாரம்.

ஒரு நாள் ஜீப்பிலிருந்து இறங்கும்போதே அவள் முகம் ஜொலித்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். எதிராளி கட்டியதைவிட அதிகமாகக் கட்டலாம். அதற்கு ஈடாகக் கட்ட எதிராளிக்குத் துணிச்சல் இல்லை என்றால் அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். விலகிவிட்டால் நடுவில் இருப்பதெல்லாம் நமக்கு. "நம்ம சீட்டைக் காட்டவே வேண்டாமாம் கண்ணு!"

நான் நம்பவில்லை. அப்பாவைத் தவிர ஊரே ஆடுகிற ரம்மியில், காட்டினால்தானே ஜெயிப்பு? காட்டாமல் எப்படி ஜெயிக்க முடியும்? அன்றைக்கே முடியும் என்று காட்டினாள். காசுக்குப் பதில் காப்பிக்கொட்டைதான்; தட்டைக் கொட்டை ஒன்று, உருண்டைக் கொட்டை என்றால் பத்து என்று மதிப்பு வைத்திருந்தோம். என்னிடம் இரண்டு ஜோடி இருந்தது. அத்தை தன் சீட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு ரொம்ப வருத்தப்படுகிறவள் மாதிரி என்னைப் பார்த்துவிட்டு, கை நிறைய உருண்டைக் கொட்டையை அள்ளி நடுவில் வைத்தாள். என்னிடமிருந்த கொட்டைகளை எண்ணிப் பார்த்தேன். கவிழ்த்துவிட்டேன்.

"என்ன அத்தை வெச்சிருந்தீங்க?"

"பாக்கோணும்னா நீயும் கொட்டையப் போட்டிருக்கோணும் சாமி" என்று சொல்லித் தன் சீட்டைக் கட்டுக்குள் செருகிக் குலுக்கிவிட்டாள். நான் கெஞ்சினேன், முறத்தைத் தட்டிவிட்டேன், கடைசியில் அழுதும் பார்த்தேன். சொல்லவே இல்லை. அது ஒன்றுமில்லாத சீட்டாக இருந்திருக்கலாம். மூன்று ராணிகளாகவும் இருந்திருக்கலாம். இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நான் ஜெயித்ததாக ஞாபகமே இல்லை. நல்ல சீட்டு வந்தால் என் கால் கட்டைவிரல் தானாக மேலே எழும்பிவிடுகிறது என்று அவளே ஒரு நாள் இரக்கப்பட்டுச் சொன்னாள். மறுநாள் பாவாடையால் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றும் தோற்றேன். காலை மூடினால் நல்ல சீட்டு, மறந்துவிட்டால் மோசமான சீட்டு என்று கண்டுபிடித்துவிட்டாளாம். இப்படிப்பட்டவளை என்ன செய்வது? சீட்டை நாலு தடவை பார்க்கிறவன் பயந்தவன், எதிராளி முகத்தை நாலு தடவை பார்க்கிறவன்தான் ஆடத் தெரிந்தவன் என்று அவள் சொல்லும்போது, என் அத்தைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம்கூடத் தெரியும் என்றே நம்பினேன்.

இதற்கிடையில் அடிவாரத்திலிருந்து மாப்பிள்ளை வந்தார். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் அவர்களுக்குப் பெரிய பழக்கடை. அப்பாவும் பல வருஷமாக அங்கேதான் பலாவும் ஆரஞ்சும் போடுவார். மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசவே பேசாத, நல்ல மனிதர். அவருடைய அம்மாதான் எல்லாம் பேசினார்; அடிவாரத்தம்மா என்றே அவரை நாங்கள் சொல்வோம். ஒரே மகன். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலைக்குப் போக வேண்டியதில்லை, கடையில் கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்றார். அப்பாவுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உலகத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. பாதி வாக்குக் கொடுத்துவிட்டார்.

"வேண்டாம்ணா. எனக்கு வேலைய உட மனசில்லை" என்று அத்தை சொன்னதை நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "நானும் சொல்ல வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம். சேர்வராயன்கிட்டயே பூக் கேட்டுருவோம்" என்றார். வளர்த்த அண்ணனை ஒரு தடவை எதிர்த்துப் பேசியதே அவளுக்கு அதிகம். சாமியை எப்படி எதிர்ப்பாள்? அன்று நாங்கள் விளையாடவில்லை. முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு நிஜமாகவே கொட்டை பொறுக்கினாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பூக் கேட்க நாள் குறிப்பதற்காக அடிவாரத்தம்மா மகனோடு வந்த அன்று கோடை மழை பிடித்துக்கொண்டது. ஜீப் கிளம்ப வழியில்லை, கரண்டும் இல்லை. அப்பாவும் மாப்பிள்ளையும் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா வீட்டுக்குள் பார்வையைச் சுழற்றி, முறத்துக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சீட்டுக்கட்டைப் பார்த்துவிட்டார். "அது என்னுதுங்க!" என்று நான் கத்தினேன். கல்யாணம் நின்றுபோகும் என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்கூட வந்தது. அந்த அம்மாவோ கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரம்மியா கண்ணு? மத்தியானத்துல கடையில யாவாரமில்லாதப்ப நானும் ரண்டு கை போடறதுதான்."

அத்தை போக்கரைச் சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மா பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒன்றுதான் அவருக்கு முடியவில்லை. உருண்டைக் கொட்டைகளை முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டு, அதில் ஒன்றை எடுத்து வைப்பதற்குள் தவித்துப்போவார். நான் சீக்கிரமே எல்லாவற்றையும் தோற்றுவிட்டு அத்தையின் தோளில் சாய்ந்து அவள் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் அவள் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. அத்தனையும் குப்பை. அத்தை தன்னிடமிருந்த கொட்டை முழுவதையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் முழங்கால் என் முழங்காலை அழுத்தியது.

அடிவாரத்தம்மா வளையலை ஒரு சுற்றுச் சுற்றினார். தன் சீட்டைப் பார்த்தார், கொட்டையைப் பார்த்தார், மறுபடி வளையலைச் சுற்றினார். பிறகு சீட்டைக் கவிழ்த்தார். கவிழ்த்ததோடு விடாமல் திருப்பியும் காட்டினார். "மூணு ராசா வெச்சிருந்தனாக்கும்! போகுது போ, இருக்கற கொட்டையாவது மிச்சம்." அத்தை சிரித்துக்கொண்டே தன் குப்பைச் சீட்டைக் கட்டுக்குள் செருகினாள். அன்று சாயங்காலம் பழையபடி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள்.

குறித்த நாளில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். அது குகைக் கோயில், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே பாறையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், தரை சில்லென்றிருக்கும். அத்தை நல்ல புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தாள். இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அன்று அடிவாரத்தம்மாவின் கையைப் பிடித்து, வழுக்காமல் பார்த்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு வேறு காரணத்துக்காகக் கலங்கியது. பொட்டலத்தை எடுக்க வேண்டிய சின்னப் பிள்ளை நான்தான். எனக்கு எப்படியாவது சிவப்பை எடுத்துவிட வேண்டும். இரண்டு பொட்டலமும் ஒன்றுபோலவே இருந்தன. பூசாரி மணியடித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன்.

அப்பா பிரிப்பதற்குக் கையை நீட்டினார்.

"ஒரு நிமிசம்ணா" என்றாள் அத்தை. பிறகு அடிவாரத்தம்மாவைப் பார்த்துத் திரும்பினாள். ரிசப்ஷன் மேசைக்குப் பின்னால் பேசுகிற அதே குரல். "ஏனுங்கம்மா, வெள்ளைதான் வரும்னு என் மனசு சொல்லுதுங்க. வந்தா நான் மறுபேச்சுப் பேச மாட்டனுங்க. ஆனா வேலைய நான் உடறதா இல்லைங்க. கல்யாணத்துக்கப்புறம் உங்க மகன் இங்க எங்க ஊட்டோட மாப்பிள்ளையா வந்து இருக்கட்டும். அதையுஞ் சேத்தே இந்தப் பூவுல கேட்டுருவோம். வெள்ளைன்னா ரண்டுந்தான். அப்புறம் நீங்களும் மாத்தக்கூடாது, நானும் மாத்தக்கூடாது."

அப்பா வாயைத் திறந்தார். சாமி முன்னால் கத்தவும் முடியாமல் மூடிக்கொண்டார்.

"அதெப்படி கண்ணு? கல்யாணத்தை மட்டுந்தான கேக்க வந்தோம்" என்றார் அடிவாரத்தம்மா.

"சாமி நல்லதுன்னு சொன்னா எல்லாம் நல்லதுதானுங்களே. பிரிச்சறலாமுங்களா?" என்று அத்தை சிரித்தாள். கல்யாணத்துக்கு அவசரப்படுகிற பெண்ணின் சிரிப்பு அது. இவள் நிஜமாகவே கட்டிக்கொள்ளப் போகிறாளா என்று நினைத்தேன்.

அந்த அம்மா மகனைப் பார்த்தார். என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அத்தையின் தலையில் இருந்த பூவைப் பார்த்தார். அவர் விரல் வளையலுக்குப் போனது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அத்தை பொட்டலத்தின் பக்கம் திரும்பவே இல்லை, அந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு வேண்டாமுங்க" என்று அவர் கடைசியில் அப்பாவிடம் சொன்னார். "நாள் சரியாத் தெரியலீங்க. இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை குனிந்தபடியே முதல் ஆளாக வெளியே போனார். அத்தை என் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினாள். நூலைத் தொடக்கூட இல்லை. "சாமி சொன்னது சாமிகிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லி, அப்படியே சேர்வராயன் காலடியில் வைத்துக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் நான் கேட்டது ஒரே கேள்விதான். "என்ன பூ அத்தை?"

"பாக்கோணும்னா அவங்க கொட்டையப் போட்டிருக்கோணும்."

அப்பா கொஞ்ச நாள் அவளோடு பேசவில்லை. பிறகு சாமி முன்னாலேயே பேரம் பேசினவள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குறை சொல்ல ஆரம்பித்தார். போகப் போக அந்தக் குறை பெருமையாகிவிட்டது. அடிவாரத்து மாப்பிள்ளைக்கு அந்த வருஷமே வேறிடத்தில் கல்யாணமாகிவிட்டது, சந்தோஷமாக இருக்கிறார். அத்தை பின்னால் தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கு அந்த கெஸ்ட் ஹவுஸையே நடத்துவது அவள்தான்.

இலைக்குள் என்ன பூ இருக்கிறது என்று என் அத்தை பிரிக்காமலே கண்டுபிடித்துவிட்டாள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிவப்பு என்று தெரிந்துதான் அவ்வளவு தைரியமாக நின்றாள் என்பது என் கட்சி. வளர்ந்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. வேலைக்காகப் பெங்களூருக்குப் போய், ஹாஸ்டலில் தோழிகளோடு போக்கர் ஆடியபோது, ஒருத்தி விளையாட்டாகச் சவால் விட்டாள், சீட்டைப் பார்க்காமலே எல்லாவற்றையும் கட்டு பார்க்கலாம் என்று. கட்டினேன். வெறும் பிளாஸ்டிக் வில்லைகள்தான். அவளும் ஈடாகக் கட்டினாள். கவிழ்ந்து கிடந்த சீட்டைத் திருப்பப் போன என் கை நடுங்கியது.

அன்றைக்கே அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

"எனக்கென்ன சாமி தெரியும்? நீதான எடுத்த" என்றாள்.

பிரிக்கலாம் என்று அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நான் எடுத்த இலைக்குள் அவள் வாழ்க்கை இருந்திருக்கும். வெள்ளை வந்திருந்தால் சொன்ன சொல்லை மாற்றியிருக்க மாட்டாள், எனக்குத் தெரியும்.

அன்று கோயிலிலிருந்து திரும்பும்போது ஜீப்பில் அப்பா முன்னால் உட்கார்ந்துகொண்டார். பின்னால் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை சில்லிட்டு, விடாமல் நடுங்கிக்கொண்டே இருந்தது. குகைக்குள் அவ்வளவு நேரம் நின்றதால் குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து, என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் அதை வைத்துத் தேய்த்துவிட்டேன்.

"நொம்பக் குளிருதுங்களா அத்தை?"

"ஆமா கண்ணு" என்றாள். ஜீப்பில் மற்ற எல்லோரும் வெயில் தாங்காமல் முந்தானையாலும் துண்டாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள்.